வீட்டில் கார்புரேட்டரைத் திருகிய பிறகு வண்டி மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வண்டி வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், திங்கட்கிழமை காலையில் வரும் வண்டிகளில் பாதி முந்தின நாள் வீட்டில் கழற்றி மாட்டியவை என்று. காசிமேட்டுக்கு விடியுமுன் மீன் எடுக்கப் போகிறவருக்கும், சாப்பாடு டெலிவரி செய்கிற பையனுக்கும் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போனது போனதுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டரில், வீட்டிலேயே சரிபார்க்கக்கூடியதை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள உதவும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே பதில்தான் இருக்கிறது. கை வைக்குமுன் ஓடிய வண்டி கை வைத்த பின் ஓடவில்லை என்றால், கோளாறு நீங்கள் கை வைத்த இடத்தில் இருக்கிறது. புதிதாக வேறு எதையும் திருகாதீர்கள். செய்ததை வரிசையாகப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள்.

என் வண்டியில கார்புரேட்டர் இருக்கா இல்லையான்னே தெரியல. எப்படிப் பாக்குறது?

2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தது. அதற்குப் பிறகு தயாரான பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே, கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். ஆர்சி புத்தகத்தில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சாவி போட்டதும் மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் அது இன்ஜெக்‌ஷன் வண்டி. அதில் திருகுவதற்கு மிக்ஸர் ஸ்க்ரூ கிடையாது. கண்ணில் படும் ஸ்க்ரூவைத் திருகினால் சென்சாரின் அளவு கெடும், பிறகு கம்ப்யூட்டர் மாட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அந்த வண்டிக்குப் பொருந்தாது.

ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. ரெண்டையும் திருப்பிட்டேன். பழைய இடம் எதுன்னு ஞாபகம் இல்ல. இப்ப என்ன பண்ண?

பயப்பட வேண்டாம், இது மீட்கக்கூடியதுதான்.

ஸ்பிரிங் போட்டு வெளியே நீட்டிக்கொண்டு, சிலவற்றில் கையாலேயே திருகும்படி இருப்பது ஐடில் ஸ்க்ரூ. ஐடில் என்பது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம். அது உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடையோ பட்டர்ஃபிளையையோ கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். உள்ளே திருகினால் ரேஸ் ஏறும், வெளியே எடுத்தால் இறங்கும். பெட்ரோல், காற்று கலவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று மிக்ஸர் ஸ்க்ரூ. பித்தளையில் சின்னதாக, குழிக்குள் இருக்கும். இதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள், ஏனென்றால் அது கார்புரேட்டரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை தலைகீழாக மாறும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது: உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளக்கிறது: உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். நண்பர் தன் வண்டிக்குச் சொன்னதை உங்கள் வண்டியில் செய்து பார்த்துக் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய இடத்துக்குத் திரும்பும் வழி இது. இன்ஜின் அணைந்திருக்கும்போது மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். லேசாகத் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். அங்கே முறுக்கினால் ஊசி போன்ற அதன் முனை வளையம் பதிந்து கெடும். அது அமரும் ஓட்டையும் விரியும். அதற்கப்புறம் என்ன செய்தாலும் ஐடில் நிற்காது. தட்டுப்பட்ட இடத்திலிருந்து வெளியே ஒன்றரை முதல் இரண்டு சுற்று எடுங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் சரியான எண் இருக்கும், கிடைத்தால் அதையே வையுங்கள். கிடைக்காவிட்டாலும் பெரும்பாலான நம் ஊர் 100, 125, 150 சிசி வண்டிகள் இந்த இடத்தில் ஸ்டார்ட் ஆகும்.

பிறகு வண்டியை ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் செய்யும் டியூனிங் சூடானதும் மாறிவிடும். சோக் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். சூடான பின் ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சில விநாடி காத்திருந்து சத்தத்தைக் கேளுங்கள். ஒரு பக்கம் போகப்போக ரேஸ் ஏறும், ஓரிடத்தில் உச்சம் தொட்டு மறுபடி இறங்கும். அந்த உச்சம்தான் சரியான இடம். அங்கே விட்டுவிட்டு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். 100 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 1400 ஆர்பிஎம் அளவு. மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் கருவி: ஹெட்லைட் எரியும்போதும் சீராக ஓட வேண்டும், ஆக்ஸிலேட்டரை ஒரு தடவை முறுக்கி விட்டால் தயங்காமல் இறங்கி நிற்க வேண்டும்.

திருப்பித் திருப்பிப் பார்த்தும் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையா? அப்படியானால் அந்த வழியில் பெட்ரோலோ காற்றோ போகவில்லை. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது ஐடிலை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

சோக் போட்டா ஓடுது, சோக்கை விட்டா ஆஃப் ஆயிடுது.

சோக் போட்டால் கூடுதல் பெட்ரோல் போகிறது. அப்போது மட்டும் ஓடுகிறது என்றால் சாதாரணமாகப் போக வேண்டிய பெட்ரோல் போகவில்லை, அல்லது தேவைக்கு மேல் காற்று புகுகிறது. காரணம் இந்த இரண்டில் ஒன்று.

முதல் சந்தேகம் ஸ்லோ ஜெட். அதன் ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை போலவோ தெரிந்தால் அடைப்பு. இரண்டாவது, கார்புரேட்டரை மாட்டும்போது இன்ஜினுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்ட் ரப்பரோ, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமோ சரியாக உட்காராமல் போவது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி ஸ்பிரே பாட்டிலால் மெல்லிசாகத் தண்ணீர் அடிப்பது. சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. சிலர் இதற்குப் பெட்ரோலை அடிக்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின், பக்கத்தில் பிளக் ஒயர், அதன் மேல் பெட்ரோல்: தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்கவே மாட்டேங்குது. ஸ்டார்ட் ஆன உடனே ஓன்னு கத்துது.

உடனே சாவியை ஆஃப் செய்யுங்கள். இது ஆபத்தானது, இந்த நிலையில் கியர் போடவே கூடாது.

ஸ்டார்ட் ஆனதுமே முழு ரேஸில் கத்தினால், பத்தில் எட்டுத் தடவை ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைப்பேன். ஸ்லைடு என்பது மேல்மூடியைக் கழற்றினால் கேபிளோடு வெளியே வரும் உருளை. அதன் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். உருளையின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும், அது உள்ளே இருக்கும் சின்ன முளையில் பொருந்தி இறங்க வேண்டும். பொருந்தாமல் அழுத்தி மூடியை இறுக்கினால் ஸ்லைடு பாதியிலேயே தொங்கும். அது தானாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டிய பொருள். தள்ளி இறக்க வேண்டியிருந்தால் திசை தப்பு.

மூடியை மாட்டிய பின், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். உள்ளே ‘டக்’கென்று ஸ்லைடு விழும் சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி அதே சோதனையைச் செய்யுங்கள். அந்தச் சத்தம் கேட்காமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் ரேஸ் ஏறினால் கேபிள் வழி தப்பிப் போயிருக்கிறது, அல்லது அதில் தளர்வே இல்லை. ஆக்ஸிலேட்டர் பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா சுழலும் இடம் இருக்க வேண்டும்.

கத்தவில்லை, ஆனால் விட்ட பிறகு ரேஸ் மேலேயே நின்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் அது வேறு கதை. கலவையில் காற்று அதிகம். மேலே சொன்ன ரப்பர் கசிவைத் தேடுங்கள், மிக்ஸர் ஸ்க்ரூவைப் பெட்ரோல் கூடும் திசையில் கால் சுற்று வைத்துப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, விட்டதும் ஐடிலுக்கும் கீழே சரிந்து, அணைவது போல் போய்த் திரும்ப எழுந்தால் பெட்ரோல் அதிகம்.

கழட்டி மாட்டுனதுல இருந்து பெட்ரோல் ஒழுகுது. டேப்பைத் திறந்தா கீழ டியூப்ல கொட்டுது.

ஓவர்ஃப்ளோ. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஃப்ளோட் என்னும் மிதவை இருக்கிறது. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து வால்வு அடைப்பது போல, பெட்ரோல் நிறைந்ததும் ஃப்ளோட் மேலே எழும்பி ஒரு சின்ன ஊசியால் வழியை அடைக்கிறது. அந்த ஊசி அடைக்காவிட்டால் பெட்ரோல் நிரம்பி வழியும்.

முதலில் டேப்பை மூடுங்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் இரண்டு மூன்று தடவை லேசாகத் தட்டி மறுபடி திறந்து பாருங்கள். சிக்கியிருந்த தூசி நகர்ந்தால் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். ஃப்ளோட் ஊசியின் நுனியில் வளையம் பதிந்திருக்கிறதா, ஃப்ளோட்டைத் தாங்கும் பின் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, ஊசியை ஃப்ளோட்டின் நாக்கில் கொக்கி சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் ஆடினால் ஓட்டை விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பில் கசிந்தால் ஓ-ரிங் பிரச்சினை. பெட்ரோலில் ஊறிய ஓ-ரிங் உப்பிவிடும், பள்ளத்தில் உட்காராது. அதை இழுத்துத் திணித்து ஸ்க்ரூவை முறுக்கினால் மரை போய்விடும். காற்றில் ஒரு ராத்திரி காயவைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கும். புது ஓ-ரிங் வாங்கிப் போடுவது இன்னும் நல்லது.

ராத்திரி முழுக்க ஒழுகிய வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜின் ஆயிலின் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஐடில் சூப்பரா நிக்குது. ஆனா நாப்பதுக்கு மேல இழுக்கவே மாட்டேங்குது.

ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது கோளாறு வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் மிக்ஸர் ஸ்க்ரூவும். அதற்குமேல் கால் பங்கு வரை ஸ்லைடின் சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். முக்காலுக்கு மேல், அதிகப் பெட்ரோல் விடும் பெரிய துளையான மெயின் ஜெட். நடுவில் இழுக்கவில்லை என்பதற்காக மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகினால் நல்லா இருந்த ஐடிலும் கெடும். இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

நீடிலின் தலையில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். கழற்றும்போது அது தெறித்து விழுந்ததைக் கவனிக்காமல் மாட்டினால் ஸ்லைடு ஏறும், நீடில் ஜெட்டுக்குள்ளேயே நிற்கும், பெட்ரோல் வராது. கிளிப் இருந்தாலும் பள்ளம் மாறியிருக்கலாம். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேல் பள்ளம் என்றால் குறையும். கம்பெனி வைத்த பள்ளம் பெரும்பாலும் நடுவில்.

பல்சர், ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் இல்லாத கிளாசிக் 350 போன்றவற்றில், இன்ஜின் இழுக்கும் காற்றே ஸ்லைடைத் தூக்கும் சிவி கார்புரேட்டர். அதில் மேல்மூடிக்கு அடியில் கறுப்பு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதன் விளிம்பு மூடியில் நசுங்கியிருந்தால், அல்லது ஊசி முனை அளவு கிழிந்திருந்தால்கூட ஸ்லைடு மேலே ஏறாது. ஐடில் நன்றாக நிற்கும், இழுவை மட்டும் இருக்காது. திரும்ப மாட்டும்போது கீழிருந்து விரலால் ஸ்லைடைப் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டயாஃப்ரத்தின் விளிம்பைப் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார வைத்து, அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டை கார்புரேட்டர் உடம்பில் உள்ள காற்று ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று பார்த்து மூடுங்கள். அந்த ரப்பரில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே படவே கூடாது. பட்டால் உப்பி நெளிந்துவிடும்.

ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சர்ல பட்டு பட்டுன்னு வெடிக்குது.

ஐடில் கலவையில் காற்று அதிகம், அல்லது சைலன்சர் வளைவு இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிகிறது. வீட்டில் வேலை செய்யும்போது சைலன்சரைக் கழற்றியிருந்தால் இரண்டாவதை முதலில் பாருங்கள்.

பெட்ரோலைக் குறைச்சு வச்சா மைலேஜ் கூடும்ல? பிளக் வெள்ளையா இருக்கு, நல்லதுதானே?

நல்லது இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். வெளுத்த பிளக் என்றால் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே பெட்ரோலைக் குறைத்தால் இழுவை போகும், அதை ஈடுகட்ட நீங்கள் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குவீர்கள், மைலேஜ் ஏறாது. மே மாத வெயிலில் மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டு போகும் வண்டி அது. வால்வும் பிஸ்டனும்தான் அந்த ‘சேமிப்புக்கு’ விலை கொடுக்கும்.

பிளக்கின் நடுப் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக் முழுக்க ஆஃப் ஆகவில்லை. ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை. நிறம் பார்ப்பதற்கு முன் வண்டியை நன்றாக ஓட்டியிருக்க வேண்டும், ஐடிலில் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

மைலேஜ் வேண்டுமென்றால் டயர் காற்று, செயின் தளர்வு, பிரேக் உரசல், ஏர் ஃபில்டர் இந்த நான்கையும் பாருங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவில் மைலேஜ் ஒளிந்திருப்பது அபூர்வம்.

மழைக்கு அப்புறம்தான் டியூன் பண்ணேன். அதுலேர்ந்து விட்டு விட்டு ஓடுது.

அப்படியானால் டியூனிங் தேவைப்பட்டிருக்கவே மாட்டாது, தண்ணீர்தான் காரணம். கணேசபுரம் சுரங்கப்பாதை, ஜீவா ரயில் நிலையத்துப் பக்கம் சுரங்கப்பாதை என்று வடசென்னையில் தண்ணீர் நிற்கும் இடங்களைத் தாண்டாமல் மழைக்காலத்தை ஓட்ட முடியாது. கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ நின்றால் டேங்கையும் வடிக்க வேண்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். ஓடாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது பெரிய தொல்லை. டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள். இன்னொரு விளைவும் உண்டு. எத்தனால் இல்லாத பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை, 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். பழைய வண்டியின் கார்புரேட்டர் முந்தைய அளவுக்கே காற்றை விடுவதால் கலவை கொஞ்சம் வறண்டு போகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள், ஐடில் தள்ளாட்டம் என்று அது தெரியும். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் அல்லது அரைச் சுற்று பெட்ரோல் கூடும் பக்கம் வைப்பது இங்கே நியாயம்.

நாலைந்து கிலோமீட்டர் ஓடியதும் வண்டி நின்றுபோய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? அடுத்த தடவை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை.

வண்டி முழுக்க முங்கியிருந்தால் கிக்கரை அடிக்கவே அடிக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. அப்போது முங்கிய வண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றைக் கழுவி எடுப்பதே தனி வேலை. பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஏர் ஃபில்டரை எடுத்த பிறகுதான் கார்புரேட்டருக்கு வர வேண்டும்.

நாங்க கடலோரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கிளீன் பண்ண வேண்டியதா இருக்கு. ஏன்?

காசிமேடு, திருவொற்றியூர் குப்பம் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கார்புரேட்டர் உடம்பு துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவையில் வார்த்தது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும், அந்தப் பொடி ஜெட்டை அடைக்கும். வெளியே துணியால் துடைத்து வைப்பதும், கிண்ணத்தை வடித்து நிறுத்துவதும் பலன் தரும். எண்ணூர் பக்கம் என்றால் அனல் மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும். அங்கே ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியிலேயே பாருங்கள். நுரை ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, லேசாக ஆயில் நனைத்துப் போடலாம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அடைத்த ஃபில்டரோடு டியூன் செய்து, பிறகு புது ஃபில்டர் போட்டால் அந்த டியூனிங் முழுக்கத் தப்பாகிவிடும். எப்போதும் ஃபில்டர், பிளக், கேபிள் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் ஸ்க்ரூ.

புல்லட்ல ‘டப்… டப்…’னு பீட் வரணும்னு ஐடிலை இறக்கினேன். சிக்னல்ல அணைஞ்சு போகுது.

இந்தியப் புல்லட் 1950-களிலிருந்து திருவொற்றியூரில் தயாரான வண்டி. அந்தச் சத்தத்தின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் ஐடில் ரொம்பக் குறைந்தால் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், மேலே வால்வை அழுத்தும் ராக்கர் வரை ஆயில் போதிய அளவு ஏறாது. பேட்டரியும் சார்ஜ் ஆகாது. சத்தத்துக்காக ராக்கரைத் தேய்க்க வேண்டாம். சூடான இன்ஜினில் கம்பெனி அளவுக்கு ஐடிலை ஏற்றுங்கள்.

ஆர்எக்ஸ் 100-ல ஆக்ஸிலேட்டர் கேபிளை மட்டும்தான் டைட் பண்ணேன். புகை ரொம்ப வருது.

ஆர்எக்ஸ் 100-ன் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கார்புரேட்டருக்கு, இன்னொன்று 2டி ஆயில் பம்ப்புக்கு. நீங்கள் இழுத்து இறுக்கியதில் பம்ப்பும் திறந்துகொண்டு ஆயிலை அதிகம் விடுகிறது. முதலில் கார்புரேட்டர் பக்கம் தளர்வைச் சரிசெய்து, பிறகு பம்ப்பில் இருக்கும் குறிகள் நேராக வருமாறு அந்தக் கேபிளைச் சரிசெய்யுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தளர்த்தி வைத்து ஆயில் குறைந்துபோனால் இன்னும் மோசம், ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின் சக்கரம் நின்றுவிடும். 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. அசல் பிஸ்டன் தேடி அலைபவர்களைக் கேளுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலைக் குறைத்து ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

ஜெட்டை ஊசியால குத்தி எடுக்கலாமா?

கூடாது. ஜெட் பித்தளை, ஊசி இரும்பு. ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்தாலும் அந்த ஜெட் வேறு எண்ணாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து காற்று அடியுங்கள். பிடிவாதமான அடைப்புக்கு நைலான் இழையோ, மின்சார ஒயரில் இருக்கும் ஒற்றைச் செம்பு இழையோ போதும். காற்று அடிக்குமுன் ஃப்ளோட்டையும் டயாஃப்ரத்தையும் எடுத்துவிட வேண்டும். ரிப்பேர் கிட் வாங்கினால் பழைய ஜெட்டில் பொறித்த எண்ணும் புதியதில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பழைய ஜெட் நல்லா இருந்தால் அதையே போடுங்கள், கிட்டிலிருந்து ரப்பர் சாமான்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளச் சரக்கு ஜெட்டில் எண் ஒன்று, ஓட்டை ஒன்று.

வீட்டுக்குள்ளயே கழட்டலாமா? வெளியில இடமே இல்ல.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவும், அடுப்படி வரை போகும், வாசலில் வைத்த விளக்கையோ ஊதுவத்தியையோ தேடிப் போய்ப் பற்றும். நெருக்கமான லைன் வீடுகளில் இது பக்கத்து வீட்டாரின் உயிர்ப் பிரச்சினையும்கூட. வாசலில், பகல் வெளிச்சத்தில், டேப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள். பேட்டரி டார்ச் மட்டும். வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், மூடியுள்ள டப்பாவில் பிடித்து, வடிகட்டி, சுத்தமாக இருந்தால் டேங்கிலேயே விடலாம். மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

புகை டெஸ்ட்ல ஃபெயில்னு சொல்லிட்டாங்க.

2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான, பிஎஸ்-4க்கு முந்தைய நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் மீறினால் பெட்ரோல் அதிகம். இரண்டாவது மட்டும் எகிறினால் பிளக் சரியாகப் பொறியவில்லை, அல்லது கலவை அளவுக்கு மேல் வறண்டிருக்கிறது. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், டியூன் செய்கிறவருக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

எப்ப மெக்கானிக்கிட்ட போகணும்?

மிக்ஸர் ஸ்க்ரூவின் முனை உடைந்து உள்ளே நின்றால், கிண்ணத்தின் மரை போனால், ஆயிலில் பெட்ரோல் கலந்தால், ரேஸ் இறங்காத காரணம் புலப்படாவிட்டால் உடனே போங்கள். கம்பரஷன் குறைந்த வண்டியையும், வால்வு இடைவெளி போன வண்டியையும் எந்த ஸ்க்ரூவாலும் சரிக்கட்ட முடியாது.

போனதும் ‘ஒண்ணுமே பண்ணலண்ணா, தானா நின்னுடுச்சு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எதைக் கழற்றினீர்கள், எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் எத்தனை சுற்று, புதிதாக என்ன மாட்டினீர்கள், கோளாறு குளிர்ந்த இன்ஜினிலா சூட்டிலா, எவ்வளவு ஆக்ஸிலேட்டரில், இவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். கழற்றுமுன் போனில் எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள். மிஞ்சிய வாஷர், கிளிப், ஸ்பிரிங் எதுவானாலும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.